தண்டையார்பேட்டையில் பழைய வீடு வாங்கிப் புதுப்பித்து விற்கலாமா? முதல் முயற்சி, வழி சொல்லுங்கள்

தேரடிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூர் தேரடிக்கு அருகே குடும்பத்துடன் வசிக்கிறேன். மணலியில் ஒரு தொழிற்சாலையின் கிடங்குப் பிரிவில் வேலை. ஒன்பது ஆண்டுகள் சேர்த்த 22 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் பாழடைந்த வீட்டை வாங்கி, சில மாதங்களில் புதுப்பித்து, லாபம் வைத்து விற்பதையே தொழிலாகச் செய்பவர்களின் காணொளிகளை ஒரு வருடமாகப் பார்த்துவருகிறேன். பழைய வீடுகளுக்கு நம் வடசென்னையில் பஞ்சமில்லையே, இங்கே ஏன் செய்யக் கூடாது என்ற எண்ணம் வந்துவிட்டது.

தரகர் ஒருவர் தண்டையார்பேட்டையில் ஒரு வீடு காட்டியிருக்கிறார். கால் கிரவுண்டு மனை, அதாவது 600 சதுர அடி, தரைத்தளமும் மாடியில் ஓர் அறையும், 1984இல் கட்டியது. மெட்ரோ நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக்காரர் ஏழு ஆண்டுகளுக்கு முன் உயில் எழுதாமல் காலமானார். அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும் சேர்ந்து விற்கிறார்கள். கேட்கும் விலை 48 லட்சம். இதே அளவில் புதுப்பித்த வீடு அடுத்த தெருவில் 62 லட்சத்துக்குக் கைமாறியதாகத் தரகர் சொல்கிறார். வங்கிக் கடன் 38 லட்சம், கையிலிருந்து 10 லட்சம், பழுதுபார்க்க 6 லட்சம் என்று போட்டால் 8 லட்சம் மிஞ்சும் என்பது என் கணக்கு. இரண்டு லட்சம் முன்பணத்துடன் வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார்கள். என் கணக்கில் எதை விட்டிருக்கிறேன், பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நீங்கள் விட்டது சிறிய தொகை அல்ல. கிரயப் பத்திரம் பதிய முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் அரசுக்குப் போகிறது. பேசிய விலையைவிட அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அந்த மதிப்பின் மேல்தான் இந்த 9 சதவீதம் கணக்கிடப்படும். விலையின் மேலேயே கணக்கிட்டாலும் 48 லட்சத்துக்கு 4,32,000 ரூபாய் ஆகிறது. தரகுக் கூலி ஒரு சதவீதம் என்றால் 48,000. வழக்கறிஞர் கருத்துரைக்கும் நகல்களுக்கும் 25,000 வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழுதுபார்ப்பு 6 லட்சம் அப்படியே இருக்கட்டும். வாங்கியது முதல் விற்பது வரை ஒன்பது மாதம் ஆனால், 38 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி மட்டும் 2,56,500. விற்கும்போது மறுபடியும் தரகு 62,000. எல்லாவற்றையும் கூட்டினால் 62,23,500 வருகிறது. தரகர் சொன்ன 62 லட்சத்துக்கே விற்றாலும் 23,500 ரூபாய் கையை விட்டுப் போகும்; ஒன்பது மாத உழைப்புக்குக் கூலி கிடையாது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். வங்கி தருவது வீட்டு விலையில்தான். பத்திரச் செலவை அது கணக்கில் சேர்க்காது. ஆகவே தவணை தொடங்குவதற்கு முன்பே உங்கள் கையிலிருந்து 21,05,000 போய்விடுகிறது. மிச்சம் 95,000. இருபது ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 34,000 வரும். மூன்றாவது மாதத் தவணைக்கே சம்பளத்தில் கை வைக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் பார்க்கும் காணொளிகளில் எழுபது சதவீத விதி என்று ஒன்றைக் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். புதுப்பித்த பிறகு என்ன விலை போகுமோ அதில் 70 சதவீதத்தை எடுத்து, பழுதுபார்ப்புச் செலவைக் கழித்து, அதற்கு மேல் ஒரு காசும் கொடுத்து வாங்காதே என்பது அந்த விதி. உங்கள் வீட்டுக்குப் போட்டால் 37,40,000 வருகிறது. பத்திரச் செலவு இவ்வளவு இல்லாத ஊரில் உண்டான விதி அது. இங்கே அதைவிடவும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். வாங்கிய 24 மாதத்துக்குள் விற்றால் வரும் ஆதாயம் உங்கள் சம்பளத்துடன் சேர்ந்து, உங்கள் வருமான அடுக்குக்குரிய விகிதத்தில் வரியாகும். 24 மாதம் தாண்டினால் 12.5 சதவீதம். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் தொழில் வருமானம் என்று துறை எடுத்துக்கொள்ளும். பழுதுபார்ப்புச் செலவைக் காட்ட ரசீது வேண்டும். மேஸ்திரியின் துண்டுச் சீட்டு செல்லாது. விற்கும் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் பெயரில் வருமான வரித் துறைக்குக் கட்டுவார். அது திரும்பக் கிடைக்கக்கூடியதுதான், ஆனால் அன்றைக்குக் கைக்கு வராது.

ஒரு பொறி உண்டு. பத்திரத்தில் 35 போடுவோம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று பேச்சு வரும். வீட்டு வியாபாரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தண்டத்துக்குரியது என்பது ஒருபுறம். புதுப்பித்து விற்க நினைப்பவருக்கு இதில் வேறொரு நட்டமும் இருக்கிறது. உங்களிடம் வாங்குபவர் வங்கிக் கடனில் வருவார், முழு விலையையும் பத்திரத்தில் போடச் சொல்வார்; 35க்கு வாங்கி 62க்கு விற்றதாகக் காகிதம் சொல்லும்; சம்பாதிக்காத பணத்துக்கு நீங்கள் வரி கட்டுவீர்கள்.

பத்திரக்காரர் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா கூட்டிக் காட்டிய பிறகு எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். 37 லட்சத்துக்கு எந்த வீடு கிடைக்கும்? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பக்கத்துப் பத்திரங்களை எழுதியும் படித்தும் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி: பத்திரம் சுத்தமாக உள்ள வீடு அந்த விலைக்கு வராது. சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்பதற்காக வடசென்னையில் யாரும் பத்து லட்சம் குறைப்பதில்லை, ஏனென்றால் வாங்குபவர் மனைக்குத்தான் விலை கொடுக்கிறார். விலை இறங்கியிருந்தால் காகிதத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று பொருள். அந்தக் குறை தீர்க்கக்கூடியதா, தீராததா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் தொழிலில் காசு.

தீராதவற்றை முதலில் சொல்கிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மனை ஒருவருக்கும் கட்டடம் இன்னொருவருக்குமாக இருக்கும் வீடுகள் ஏராளம். அடிமனை கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ தனியாருக்கோ சொந்தம். குடியிருப்பவர் தலைமுறையாக மனை வாடகை கட்டிவருவார். சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் அவர் பெயரில் இருக்கும், அதைக் காட்டியே விற்பார். பத்திரத்தின் சொத்து விவரத்தை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். "மனையும் அதில் உள்ள கட்டடமும்" என்றிருக்கிறதா, "கட்டடம் மட்டும்" என்றிருக்கிறதா என்ற ஒரே வரியில் வீட்டின் தலையெழுத்து இருக்கிறது. குடியிருப்பவர் மனையை விலைக்குக் கேட்டு வாங்கும் உரிமையை 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்தது உண்மைதான்; ஆனால் 1996இல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலத்தை அதிலிருந்து எடுத்துவிட்டது. கோயில் மனை மேல் கட்டிய வீட்டை வாங்கிப் பளிங்குக் கல் பதித்தாலும் வங்கிக் கடனில் வருபவர் யாரும் வாங்க மாட்டார்.

குடிசை மாற்று வாரியத்தின் (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) ஒதுக்கீட்டு வீடுகளும் அப்படியே. தவணை முழுவதும் கட்டி, வாரியம் கிரயப் பத்திரம் எழுதித் தந்திருந்தால் சரி. ஒதுக்கீட்டு ஆணையையும் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தையும் மட்டும் நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பவர் பத்திரத்தை வைத்தே நான்கு கை மாறிய சொத்துகளும் உண்டு. பொது அதிகாரப் பத்திரம் உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்றுகூடப் பார்க்காமல் முன்பணம் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தீர்க்கக்கூடிய குறை என்றால் பெரும்பாலும் வாரிசுச் சிக்கல்தான். உங்கள் வீட்டில் மனைவியும் இரண்டு மகன்களும் விற்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்துக் குடும்பமாக இருந்து, வீடு அவர் சுயமாகச் சம்பாதித்ததாகவும் இருந்தால், உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மனைவி, மகன், மகள் ஆகியோருடன் இறந்தவரின் தாய்க்கும் சம பங்கு உண்டு. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. மகளை மறைப்பவர்களை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம், பாட்டியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மகன் இறந்த அன்று அந்த அம்மாள் உயிருடன் இருந்தாரா என்று கேளுங்கள். இருந்தார் என்றால் அவருக்கு ஒரு பங்கு அன்றே சேர்ந்துவிட்டது. பிறகு அவரும் காலமாகியிருந்தால் அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போயிருக்கும்.

வில்லங்கச் சான்றிதழை முப்பது ஆண்டுகளுக்காவது பாருங்கள், ஆனால் அதையே வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவானது மட்டும்தான் அதில் வரும். மூலப் பத்திரத்தை வட்டிக்காரரிடம் வைத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் வராது. பதியாத ஒப்பந்தம் வராது. உள்ளே லீஸுக்கு, அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தத் தொகை கொடுத்து, இருப்பவரும் வர மாட்டார். நகலைக் காட்டினால் அசலைக் கேளுங்கள். பழைய பத்திரங்களில் ஓ.எஸ். (பழைய நில அளவை) எண், ஆர்.எஸ். (மறு நில அளவை) எண், சி.சி. (கலெக்டர் சான்றிதழ்) எண் என்று வரிசையாக இருக்கும். ஆர்.எஸ். எண்ணை வைத்து நகர நில அளவைப் பதிவேட்டு நகல் எடுத்து, அளவும் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பத்திரத்தில் 600 இருந்து பதிவேட்டில் 540 இருந்தால் நீங்கள் விற்கப்போவது 540தான்.

வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுக்காதீர்கள்.

கொத்தனார் வீட்டுப் பிள்ளை எழுதியது:

ஐயா பத்திரத்தைப் பார்த்துவிட்டார், நான் சுவரைப் பார்க்கிறேன். அப்பா காலத்திலிருந்து கொருக்குப்பேட்டையிலும் காசிமேட்டிலும் பழைய வீட்டு வேலைதான் செய்கிறோம்.

1984இல் கட்டியது என்பதால் அது தேக்கு உத்தரமும் சுண்ணாம்புமாகப் போட்ட மெட்ராஸ் டெரஸாக இருக்காது, கம்பி கட்டிய கான்கிரீட் தளமாகத்தான் இருக்கும். ஒருவகையில் அது மோசம். மெட்ராஸ் டெரஸில் ஓர் உத்தரம் உளுத்தால் அந்த ஒன்றை மாற்றலாம். கடற்காற்று படும் இடத்தில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால், துரு பருத்து, கீழ்ப்பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஓரிடத்தில் வந்தால் பல இடத்தில் வரும். விற்பவர் புதிதாக வெள்ளையடித்திருந்தால் கண்ணால் பார்த்து ஒன்றும் தெரியாது. ஏணி போட்டு ஏறி, சிறு சுத்தியலால் தளத்தின் அடியில் முழக்கணக்கில் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் கிணுங்கும். உரிந்த இடத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்கும். குளியலறைக்கு மேலேயும் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயும் தவறாமல் தட்டுங்கள். தளத்தில் மூன்றில் ஒரு பங்கு காலியாகக் கேட்டால் உங்கள் 6 லட்சம் தளத்துக்கே போய்விடும்.

அடுத்ததாகத் தெருவின் மட்டம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுக்கடுக்காகப் போட்டுப் போட்டு, நம் தெருக்களில் பல வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. வாசற்படி ஏறிப் போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா என்று கவனியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் உள்ளே வந்ததா என்று விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. மர நிலைக்காலின் அடிப்பகுதியை நகத்தால் அழுத்திப் பாருங்கள், மின் மீட்டர் பலகையை அண்மையில் மேலே ஏற்றி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் வேலையும் சென்னையில் நடக்கிறது, ஆனால் விற்பதற்காக வாங்கும் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது.

செலவுக் கணக்கில் எல்லோரும் விடுவது கூலியாட்களைவிடச் சுமைக்கூலியைத்தான். லாரி நுழையாத சந்து என்றால் எம் சாண்டை (கல்லை உடைத்து எடுக்கும் மணல்) முக்கில் கொட்டி, அங்கிருந்து மீன்பாடி வண்டியில் அடிக்க வேண்டும். இடித்த ரப்பீஸையும் அதே வழியில் வெளியே கொண்டுவர வேண்டும். அகலமான தெருவில் ஆகும் செலவை வைத்துச் சந்துக்கு மதிப்பீடு போடாதீர்கள். நான் பழைய வீட்டு வேலை எதற்கும் சொல்லும் தொகையின் மேல் கால் பங்கு கூட்டி எடுத்து வைக்கச் சொல்வேன்.

எதில் காசு போடுவது என்றால், கழிவுநீர் இணைப்பு, மின் கம்பி, குளியலறை நீர்த்தடுப்பு, நல்ல தண்ணீர்த் தொட்டி. பொய்க்கூரையிலும் வண்ண விளக்கிலும் போட்ட காசை இந்தப் பக்கம் யாரும் திருப்பித் தருவதில்லை. மாடியில் இன்னொரு அறை எழுப்பி விற்கலாம் என்று தோன்றினால் அனுமதி வாங்கித்தான் எழுப்ப வேண்டும். 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் சுயசான்று முறையில் உடனடி அனுமதி 2024 ஜூலையிலிருந்து கிடைக்கிறது. அடித்தளம் தாங்குமா என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், மேஸ்திரி சொல்லக் கூடாது. என் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வண்ணை வாசகி எழுதியது:

நானும் என் கணவரும் 2019இல் புது வண்ணாரப்பேட்டையில் இப்படி ஒரு வீடு வாங்கினோம். ஆறு மாதத்தில் விற்றுவிடலாம் என்று நினைத்தோம். கீழ்ப்பகுதியில் ஒரு குடும்பம் ஐந்து லட்சத்துக்கு லீஸில் இருந்தது. கிரயத்துக்கு முன்பே காலி செய்து தருவதாகச் சொன்ன தரகர், பத்திரம் முடிந்த மறுநாள் முதல் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்களுடைய ஐந்து லட்சத்தை முந்தைய உரிமையாளர் திருப்பித் தரவில்லை, நாங்களும் விலையில் கழிக்கவில்லை. கடைசியில் நாங்களே கொடுத்துத்தான் அனுப்பினோம். அதற்குள் 2020 மார்ச் வந்துவிட்டது, ஊரே அடங்கிவிட்டது.

எங்களைக் காப்பாற்றியது ஒன்றுதான். மேலும் கீழும் தனித்தனி வாசல் இருந்ததால் இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட முடிந்தது. தவணையில் பாதி அதிலேயே வந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடத் தொடங்கிய பிறகு கேட்டு வருபவர்கள் கூடினார்கள். 2023இல்தான் விற்றோம். நான்கு ஆண்டுக்குப் பார்த்தால் லாபம், ஆறு மாதத் திட்டத்துக்குப் பார்த்தால் தோல்வி. ஆகவே தம்பி, விற்காமல் போனால் இரண்டு ஆண்டு வாடகைக்கு விட்டுத் தாக்குப்பிடிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். அந்த வீட்டின் மாடி அறைக்குத் தனிப் படிக்கட்டு இருக்கிறதா?

தேரடிவாசி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அம்மா, படிக்கட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே மாற்ற இடமில்லை.

பத்திரக்காரர் ஐயா கேட்டதைப் படித்ததும், தரகர் கைப்பேசியில் அனுப்பியிருந்த வாரிசுச் சான்றிதழின் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று பெயர்கள் என்று நான் நினைத்திருந்த பட்டியலில் நான்கு பெயர்கள் இருந்தன. நான்காவது வரி மடிப்பில் மங்கியிருந்தது: தாய், வயது 78. மூத்த மகனைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். பாட்டி நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமானாராம்; தாத்தா அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார். பாட்டிக்கு இவருடைய அப்பாவைத் தவிர இரண்டு மகள்கள், இருவரும் பொன்னேரியில் இருக்கிறார்கள். வீடு அப்பாவே மனை வாங்கிக் கட்டியதுதான், அசல் பத்திரத்தையும் காட்டினார், மனையும் சேர்ந்தே இருக்கிறது. அத்தைகளுக்கும் பங்கு உண்டு என்பது அவருக்குத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன், முகம் வாடிவிட்டது. தரகரிடம் கேட்டதற்கு, "அதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

பத்திரக்காரர் எழுதியது:

அடுத்து வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் பார்ப்பார். அன்றைக்கு வீடு உங்கள் தலையில் இருக்கும்.

பங்கு இப்படி வருகிறது. இறந்தவரின் சொத்தில் மனைவி, இரண்டு மகன்கள், தாய் ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. பாட்டி உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய கால் பங்கு மூன்றாகப் பிரிந்து, இரண்டு மகள்களுக்கு ஒவ்வொன்றும், முன்பே இறந்த மகனின் பிள்ளைகள் இருவருக்குமாகச் சேர்த்து ஒன்றும் போகும். ஆக அத்தை ஒருவருக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. 48 லட்சத்தில் ஆளுக்கு 4 லட்சம். பாட்டியின் இறப்புச் சான்றிதழும் அவருக்குத் தனியாக ஒரு வாரிசுச் சான்றிதழும் எடுக்கச் சொல்லுங்கள். பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தனி விடுதலைப் பத்திரம் எழுதிச் செலவை ஏற்ற வேண்டாம். அத்தைகள் இருவரும் உங்கள் கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களாகச் சேர்ந்து கையெழுத்திட்டு, அவரவர் பங்கை அவரவர் வங்கிக் கணக்கில் பெற்றுக்கொள்ளட்டும். இது தீர்க்கக்கூடிய குறை. தீர்த்துவைக்கும் அலைச்சல் உங்களுடையது என்றால் விலையைக் குறைத்துக் கேட்கும் உரிமையும் உங்களுடையது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எவ்வளவு குறைத்தால் தாங்கும் என்று கேட்பீர்கள். 42 லட்சத்துக்கு முடிந்தால், பழுதுபார்ப்பில் கால் பங்கு கூட்டி ஏழரை லட்சம் வைத்தாலும், வரிக்கு முன் ஏறத்தாழ ஐந்து லட்சம் நிற்கும். அதற்கு மேல் ஒரு லட்சம் ஏறினாலும் நான் கை வைக்க மாட்டேன். அந்த 62 லட்சம் தரகர் வாய்ச்சொல்தானே? அடுத்த தெருவில் அந்த வீடு உண்மையில் என்ன விலைக்குப் பதிவானது என்று வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். அதன் எண் தெரிந்தால் ஒரு மணி நேர வேலை.

தேரடிவாசி எழுதியது:

பார்த்துவிட்டேன் ஐயா. பத்திரத்தில் 55 லட்சம் என்றிருக்கிறது. மீதி ரொக்கமாகக் கைமாறியதா, தரகர் கூட்டிச் சொன்னாரா தெரியாது. 55 என்று வைத்தால் 42க்கு வாங்குவதும் நட்டம்தான். வெள்ளிக்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மூத்த மகன் மட்டும் நேற்றிரவு மறுபடி அழைத்து, விற்கிறோமோ இல்லையோ, அந்தச் சான்றிதழ்களை எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்று விசாரித்தார். தண்டையார்பேட்டை வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை அவருடன் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.